ஐந்து மைக்ரான் டயாட்டம்: கண்ணாடித் தகடா, எஸ்.இ.எம்.மா, டி.என்.ஏ.வா?

ஆற்றங்கல்லைப் பல்துலக்கியால் தேய்த்து மாதிரி எடுத்த எம்.எஸ்சி. மாணவி, கழிமுகத்து நீரில் மிதவை உயிரிகளை எண்ணும் ஆராய்ச்சி மாணவர், ஊர் ஏரியின் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற தன்னார்வக் குழு. ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "டயாட்டமை நுண்ணோக்கியில் பார்த்தே பெயர் சொல்லிவிடலாமா, இல்லை டி.என்.ஏ.வுக்கு அனுப்பியே ஆகணுமா? கையில் இருப்பது ஏதாவது ஒன்றுக்கான காசுதான்."

பெரிய டயாட்டமாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. டயாட்டம் என்பது சிலிக்காவால் ஆன ஓடு போட்டுக்கொண்ட ஒற்றைச் செல் பாசி. சோப்புப் பெட்டியின் மூடியும் அடிப்பாகமும் போல இரண்டு பாதி ஓடுகள். அந்த ஓட்டிலுள்ள துளைகள், வரிகள், ராஃபே என்ற நீளப் பிளவு ஆகியவற்றை வைத்துத்தான் காலங்காலமாகப் பெயர் வைத்து வருகிறோம். நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமுள்ள ஒன்றில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும். பத்து மைக்ரானுக்குக் கீழே போனதும்தான் சிக்கல். வரிகள் மங்கிவிடும், எல்லாம் ஒரே அரிசிக் குருணை மாதிரி இருக்கும், கையேட்டில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இதுதானோ" என்று தோன்றும். உலகில் டயாட்டம் சிற்றினங்கள் குறைந்தது 30,000 இருக்கும், ஒரு லட்சம்கூட இருக்கலாம் என்பது துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. பெயரிடப்பட்டவை அதில் ஒரு பங்குதான். எனவே நீங்கள் பார்ப்பதற்கு இன்னும் பெயரே இல்லாமலும் இருக்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல், உங்களுக்கு வேண்டியது என்ன என்பது. நீரின் தரத்தைச் சொல்ல எண்ணிக்கை வேண்டுமா? ஒரு குறிப்பிட்ட செல்லுக்குப் பெயர் வேண்டுமா? "இது புதுச் சிற்றினம்" என்று நிரூபிக்க வேண்டுமா? மூன்றும் மூன்று வேலைகள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதை முடிவு செய்யாமலேயே கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இரண்டாவது செல்லின் அளவு. மூன்றாவது, மாதிரி இப்போது எதில் கிடக்கிறது என்பது. ஃபார்மலினில் போட்டிருந்தால் டி.என்.ஏ. ஆசையைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான். லூகால் அயோடின் என்றால் எண்ணுவதற்கு அருமை, டி.என்.ஏ.வுக்கு அரைகுறை. எத்தனால் என்றால் இரண்டுக்கும் ஆகும். பல நேரம் இந்த ஒரு விஷயமே உங்களுக்காக முடிவெடுத்துவிடும், நீங்கள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே.

அப்புறம் நேரமும் பணமும். நுண்ணோக்கி வேலை ஆளின் மாதங்களைத் தின்னும், டி.என்.ஏ. வேலை பில்லாக வரும். கடைசியாக, பத்து வருஷம் கழித்து வேறொருவர் உங்கள் முடிவைத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்பது. இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

## ஒளி நுண்ணோக்கி

மலிவு, எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது, பழைய இலக்கியம் முழுக்க இதை வைத்தே எழுதப்பட்டது. 1946இல் சென்னைக் கடற்கரையின் மிதவை டயாட்டம்களைத் தொகுத்த ஆர். சுப்ரமணியனின் படங்களோடு இன்றைக்கும் நம் தகட்டை வைத்து ஒப்பிட முடிகிறது என்றால், அது இந்த வழியின் பலம்.

முறை இதுதான்: மாதிரியை ஹைட்ரஜன் பெராக்சைடிலோ நைட்ரிக் அமிலத்திலோ சூடாக்கி, உயிர்ப்பொருளை எரித்து, ஓட்டை மட்டும் மிச்சப்படுத்த வேண்டும். பிறகு கழுவிக் கழுவி அமிலத்தைப் போக்கிக் கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும். பதிக்கும் பிசினில் கஞ்சத்தனம் கூடாது. டயாட்டம் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45. சாதாரண கனடா பால்சம் 1.5 சொச்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஓடு தண்ணீருக்குள் கண்ணாடித்துண்டு மாதிரி மறைந்துவிடும். 1.7 அளவுள்ள நாஃப்ராக்ஸ் போன்ற பிசினில்தான் வரிகள் எழுந்து நிற்கும். "லென்ஸ் சரியில்லை" என்று வந்த சிலருக்கு நான் பிசினை மாற்றச் சொல்லியே அனுப்பியிருக்கிறேன்.

எல்லை எங்கே? நல்ல எண்ணெய் லென்ஸ் போட்டாலும் 0.2 மைக்ரானைவிட நெருக்கமான இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்ட ஒளியால் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் லென்ஸ் தரத்தைச் சோதிக்கவே டயாட்டமைப் பயன்படுத்தினார்கள். ஆம்ஃபிப்ளூரா பெல்லூசிடாவின் வரிகளுக்கு இடையே சுமார் கால் மைக்ரான்தான், அதைக் காட்டினால் லென்ஸ் தேறிவிட்டது. அதாவது சிறிய டயாட்டம்களின் அடையாளங்கள் சரியாக ஒளி தோற்கிற இடத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு பொறி, டயாட்டம் சுருங்கும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு சேய், தாயின் சிறிய அடிப்பாகத்தை மூடியாக வைத்துக்கொண்டு அதற்குள் அடங்கும்படி புதிய அடிப்பாகம் செய்துகொள்கிறது. தலைமுறை போகப்போகச் சராசரி அளவு குறைந்துகொண்டே வந்து, பாலினப்பெருக்கத்தின்போதுதான் பழைய அளவு திரும்புகிறது. நீளம் குறையும்போது உருவமும் மாறும். நீண்ட படகு கட்டையாகிவிடும். ஒரே சிற்றினத்தின் மூன்று வயதை மூன்று சிற்றினமாக எழுதிவைத்த பட்டியல்கள் நிறைய உண்டு. ஒரு செல்லைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் பத்து இருபது படம் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மறைமுகச் செலவு கண்ணும் காலமும். நீர்த்தரக் கணக்குக்கு ஒரு தகட்டில் 400 ஓடுகள் எண்ணுவது பரவலான வழக்கம். பழகிய கைக்கே பல மணி நேரம் ஆகும், பழகுவதற்கு ஆண்டுகள். அமிலத்துக்குப் புகைபோக்கி அறை வேண்டும். சுத்தம் செய்த தகட்டில் உயிரோடிருந்தது எது, செத்து அடித்துவரப்பட்ட வெற்று ஓடு எது என்றும் தெரியாது. இங்கே நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவுடையவை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் இருப்பதற்கு ஜெர்மனி ஆற்றுப் பெயரைச் சூட்டிவிடுகிறோம், அடுத்தவர் அதையே நகலெடுக்கிறார்.

எப்போது இதுவே போதும்? நீர்த்தரக் கண்காணிப்புக்கு, ஏரி அடிமண்ணில் பல நூற்றாண்டுக்கு முந்தைய நிலையைப் படிப்பதற்கு, ஏனெனில் அங்கே ஓடு மட்டும்தான் நம்பி எடுக்கக்கூடிய சாட்சி. நீரில் மூழ்கி இறந்தாரா என்று தடயவியலில் எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து டயாட்டம் தேடுவதும் இந்த வழியில்தான்.

## எஸ்.இ.எம்.

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒளியின் தடை இல்லை. சில நானோமீட்டர் வரை தெளிவாகப் பார்க்கலாம். துளையின் உள்ளே இருக்கும் சல்லடைத் தோல்கூடத் தெரியும் (இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் டி.இ.எம்., அதாவது எலக்ட்ரான்களை ஊடுருவவிட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி).

மத்தியதரைக்கடலின் மினிடிஸ்கஸ் கதையை இதற்காகவே சொல்வேன். இரண்டிலிருந்து ஐந்து மைக்ரான் வரையிலான வட்டச் செல். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வடமேற்கு மத்தியதரைக்கடலின் வசந்தகாலப் பெருக்கத்தில் இந்தப் பொடியன் பெரும்பங்கு வகித்ததையும், கடலடிக்குக் கார்பனைக் கொண்டுபோவதில் அதற்குப் பங்கு இருந்ததையும் காட்டியது. இத்தனை நாள் எப்படித் தவறவிட்டோம்? ஒன்று, ஒளி நுண்ணோக்கியில் அது வெறும் புள்ளி. இரண்டு, நாம் இழுக்கும் வலை. 20 மைக்ரான் கண்ணி வலையில் ஐந்து மைக்ரான் செல் நிற்குமா? நானே ஒரு பருவம் முழுக்க அப்படி இழுத்துவிட்டு "இங்கே சிறிய டயாட்டம் குறைவு" என்று எழுதியிருக்கிறேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அப்படியே மெல்லிய வடிதாளில் வடித்துப் பார்த்தபோதுதான் முகம் சிவந்தது.

செலவு என்று பார்த்தால், நேர வாடகையோடு தங்கமோ பிளாட்டினமோ பூச வேண்டும், முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டும். அதைவிட எரிச்சல், ஓடு எந்தப் பக்கம் விழுந்ததோ அதுதான் காட்சி. வெளிப்புறமும் உட்புறமும் வேண்டுமென்றால் அதே சிற்றினம் கவிழ்ந்து கிடக்கிற இன்னொன்றைத் தேடிப் போக வேண்டும். மெல்லிய சிலிக்கா உள்ளவை அமிலத்திலேயே காணாமல் போய்விடும். அவற்றைக் கழுவாமல் வடிதாளிலேயே உலர்த்திப் பார்ப்பது மேல். எண்ணுவதற்கு எஸ்.இ.எம்.மைப் பயன்படுத்துவது பெரும்பாலும் காசைக் கரைப்பது. தகட்டில் எண்ணிவிட்டு, பெயர் தெரியாத நான்கைந்தை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள்.

## வளர்ப்பும் ஒற்றைச் செல் டி.என்.ஏ.வும்

நுனி இழுத்த கண்ணாடிக் குழாயால் ஒரே ஒரு செல்லை உறிஞ்சி, கடல் டயாட்டம் என்றால் எஃப்/2 என்ற வளர்ப்புக் கரைசலில் போட்டு வளர்த்து, பாதியில் டி.என்.ஏ. எடுத்து, மீதிப் பாதியில் தகடும் எஸ்.இ.எம். படமும் செய்வது. மெதுவான வழி. ஆனால் உருவமும் மரபுவரிசையும் (டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசை) ஒரே உயிரிலிருந்து வந்தவை என்று அடித்துச் சொல்ல முடிவது இங்கேதான்.

எடின்பரோவில் பிளாக்ஃபர்டு குளம் என்று ஒன்று. நகரப் பூங்காவில் வாத்து நீந்தும் சாதாரணக் குளம். அதன் சேற்றில் செல்லஃபோரா ப்யூப்யூலா என்ற டயாட்டம் இருக்கிறது என்று கையேடு சொல்லும். டயாட்டம் ஆய்வாளர் டேவிட் மான் அங்கே ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே சேற்றில் பல உருவங்கள் சேர்ந்தே வாழ்கின்றன, இடைப்பட்ட உருவம் இல்லை, ஒன்றோடொன்று கலப்பதும் இல்லை. ஓட்டின் உருவ அளவீடு, நுண் அமைப்பு, எது எதோடு இணைசேர்கிறது என்ற சோதனை எல்லாவற்றையும் சேர்த்து 2004இல் அவரும் கூட்டாளிகளும் ஐந்து புதுச் சிற்றினங்களை விவரித்தார்கள். ஒன்றுக்கு செல்லஃபோரா ஆல்ட்ரீக்கி என்று பெயர். 'ஆல்ட் ரீக்கி' எடின்பரோவின் செல்லப்பெயர், "பழைய புகைக்காரி" என்கிற மாதிரி.

அதே பேரினத்தை வைத்து எந்த மரபணு அடையாளத்துக்கு ஏற்றது என்றும் பின்னர் சோதித்தார்கள். 18எஸ் என்ற மரபணு மிக மெதுவாக மாறுவது, நெருங்கிய உறவினர்களைப் பிரிக்கத் திணறும். காக்ஸ்1 என்ற மரபணு நன்றாகப் பிரித்தது, ஆனால் எல்லா டயாட்டமுக்கும் பொதுவான பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. குறுந்துண்டு) அதற்கு அமைவதில்லை. பசுங்கணிகத்தில் இருக்கும் ஆர்பிசிஎல் மரபணு இடைநிலை: நகலெடுத்துப் பெருக்கவும் எளிது, பிரிக்கவும் ஓரளவு போதும். இன்று நன்னீர் வேலையில் அது முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கடலில் இதற்கு இணையான கதை ஸ்கெலட்டோனீமா கோஸ்டேட்டம். உலகக் கடற்கரைப் பட்டியல்களில் எல்லாம் இருந்த பெயர். 2005இல் உருவத்தையும் மரபுவரிசையையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த ஒரு பெயருக்குள்ளிருந்து நான்கு புதியவை வந்தன, 2007இல் இன்னும் இரண்டு. பழைய அறிக்கையில் இந்தப் பெயர் இருந்தால் "அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்று" என்றே நான் படிக்கிறேன்.

மறைமுகச் செலவு? எல்லா டயாட்டமும் குழாயில் வளராது. வளர்வதைத்தான் படிக்கிறீர்கள், இருப்பதை அல்ல. வளர்ப்பில் நாளாக ஆகச் செல் சுருங்கி, உருவம் கோணலாகும். ஒரு வாரக்கடைசி மின்வெட்டில் எட்டு மாத வளர்ப்புகள் போன வேதனை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து டி.என்.ஏ. வரிசை வாசிக்க அனுப்புவதற்கு முன்பே அதே வளர்ப்பில் ஒரு தகடு பதித்து எண் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

## மெட்டாபார்கோடிங்

மாதிரியிலுள்ள எல்லாவற்றின் டி.என்.ஏ.வையும் மொத்தமாக எடுத்து, ஒரு குறுந்துண்டைப் பெருக்கி, லட்சக்கணக்கில் வாசித்து, பெயர் தெரிந்த வரிசைகளின் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர்ப்பட்டியல் வாங்குவது. ஆர்பிசிஎல்லில் 312 எழுத்துத் துண்டு ஒன்று பரவலாகப் பயன்படுகிறது, அதற்கென டயாட்.பார்கோடு என்ற நூலகத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்னின்று பராமரிக்கிறார்கள். நூறு இடங்களில் மாதிரி எடுத்து வைத்திருப்பவருக்கு இதைவிட வேகமானது வேறில்லை. புள்ளிபோல் தெரியும் சிறியவையும் இதில் தப்பாது.

ஆனால் பட்டியலில் இருக்கும் சதவீதத்தை எண்ணிக்கை என்று நம்பாதீர்கள். பெரிய செல்லில் ஆர்பிசிஎல் பிரதிகள் அதிகம். ஒரு பெரிய செல் பல சிறிய செல்களின் குரலை அமுக்கிவிடும். செல் பருமனை வைத்துத் திருத்தக் காரணி போடும் முறை வந்திருக்கிறது, அதற்கும் பருமன் தெரிய வேண்டும், பருமனுக்கு மறுபடி நுண்ணோக்கிதான். 18எஸ் இன்னும் மோசம், ஒரு செல்லில் சில பத்துப் பிரதிகளிலிருந்து பல்லாயிரம் வரை இருக்கும்.

பெரிய குறை நூலகம்தான். அதில் இல்லாததற்குப் பெயர் வராது, அல்லது மிக அருகிலுள்ள தப்பான பெயர் வரும். ஐரோப்பிய ஆறுகளுக்கு நிரம்பிய நூலகம், வெப்பமண்டல ஓடைக்கு நிறைய வெற்றிடம். "அடையாளம் தெரியாதது" என்று வரும் வரிசைகள் உங்களுக்குப் புதுச் சிற்றினம் போலத் தோன்றும். பெரும்பாலும் யாரோ எப்போதோ வரைந்து பெயர் வைத்த, ஆனால் இதுவரை யாரும் டி.என்.ஏ. எடுக்காத பழைய ஆள்தான் அது.

## மரபணு முழுவதும் தெரிந்தால் பெயர் தீர்ந்துவிடுமா?

இல்லை. தலாசியோசிரா சூடோநானா என்ற ஐந்து மைக்ரான் டயாட்டம் 1958இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிடிக்கப்பட்டது. 2004இல் முழு மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்ட முதல் டயாட்டம் அதுதான். முதலில் சைக்ளோடெல்லா நானா என்று இருந்தது, 1970இல் உருவத்தை வைத்து தலாசியோசிராவுக்கு மாற்றினார்கள், பிறகு மரபுவரிசையைப் பார்த்தவர்கள் "அது சைக்ளோடெல்லாதான், திருப்பி அனுப்புங்கள்" என்றார்கள். ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கப்பட்ட உயிருக்கே இந்த நிலை.

பார்மேல்ஸ் கதை எதிர்த்திசையிலிருந்து வருவது. சிலிக்காத் தகடு போர்த்திய குட்டிச் செல்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து 1987இல் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. போலிடோ என்று தொடங்கும், தகடே இல்லாத, நீந்துகிற பாசிகளை 1999இல் வேறொரு குழு விவரித்தது; மரபுவரிசைப்படி அவை டயாட்டமின் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே குடும்பம் என்பது பார்மேல்ஸை வளர்த்து வரிசை பார்த்தபோது, 2011 வாக்கில்தான் தெரிந்தது. படம் ஓர் அலமாரியில், வரிசை இன்னோர் அலமாரியில். பன்னிரண்டு வருஷம்.

## சுருக்கமாக ஓர் அட்டவணை

| வழி | எங்கே கெட்டி | எங்கே கவிழும் | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| ஒளி நுண்ணோக்கி | எண்ணுதல், பழைய தகடு, அடிமண் | 10 மைக்ரானுக்குக் கீழ் | பழகும் ஆண்டுகள், அமில அறை |
| எஸ்.இ.எம். | சிறியவற்றின் பெயர், புதுச் சிற்றின விவரணை | எண்ணிக்கை | காத்திருப்பு, இருபக்கப் படத்துக்கான தேடல் |
| வளர்ப்பும் டி.என்.ஏ.வும் | ஒரே தோற்றமுள்ளவற்றைப் பிரித்தல் | வளராதவை | வளர்ப்பைக் காப்பது |
| மெட்டாபார்கோடிங் | நிறைய இடங்கள், திரும்பத் திரும்பக் கண்காணிப்பு | நூலகத்தில் இல்லாதவை, எண்ணிக்கை | கணினி வேலை, சரிபார்ப்பு |

## சரி, நீங்கள் எதை எடுப்பது?

ஒரே ஆற்றில் பத்துப் பதினைந்து இடங்கள், ஒரே மாணவி, ஒரே ஆண்டு என்றால் யோசிக்காமல் ஒளி நுண்ணோக்கி. பெயர் ஒட்டாத சிறியவற்றுக்குப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தப்பான சிற்றினப் பெயரைவிட "நிட்சியா, சிறியது, வகை 2" என்று படத்தோடு எழுதுவது நேர்மையானது, பயனும் அதிகம்.

ஆண்டுதோறும் பல மாவட்டங்கள் என்றால் மெட்டாபார்கோடிங், ஆனால் முதல் ஆண்டு கால்பங்கு மாதிரிகளையாவது தகட்டிலும் எண்ணுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் எங்கே பொய் சொல்கிறது என்று கடைசிவரை தெரியாது.

மட்டி, நண்டு வளர்ப்புப் பகுதியில் நச்சு எச்சரிக்கை என்றால் ஒளி நுண்ணோக்கியோடு நிற்க வேண்டாம். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் மட்டி சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலருக்கு நினைவாற்றலே போனது, மூவர் இறந்தார்கள். காரணமான டோமோயிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரந்தது சூடோ-நிட்சியா என்ற பேரினத்து டயாட்டம் ஒன்று. அந்தப் பேரினத்தில் நச்சு உள்ளதும் இல்லாததும் ஒளியில் ஒரே ஊசிதான். தினசரிக் காவலுக்கு நுண்ணோக்கி, எண்ணிக்கை ஏறினால் உடனே டி.என்.ஏ.வும் நச்சுச் சோதனையும்.

புதுச் சிற்றினம் என்று சந்தேகமா? அப்போது தேர்வே இல்லை, எல்லாம் வேண்டும். பாசிகளுக்கான பெயரிடும் விதிப்படி 1958 முதல் புதுச் சிற்றினத்துக்குப் படம் கட்டாயம், மூலச்சான்றாக ஒரு தகடோ பொருளோ எங்காவது பாதுகாப்பில் இருக்க வேண்டும். டி.என்.ஏ. வரிசை மட்டும் மூலச்சான்று ஆகாது. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் முதலில் தகடும் எஸ்.இ.எம்.மும், மரபுவரிசை அடுத்த நிதியில். எத்தனாலில் பத்திரமாக இருந்தால் டி.என்.ஏ. காத்திருக்கும்.

அதனால் இன்னும் மாதிரி எடுக்கவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வலை வேண்டாம், தண்ணீரை அப்படியே எடுங்கள். கல் என்றால் தேய்த்த கரைசலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் லூகால். இன்னொன்றில் எத்தனால், கலந்த பிறகும் 70 சதவீதத்துக்குக் குறையாதபடி ஊற்றி, குளிரிலும் இருட்டிலும் வையுங்கள். பாட்டிலின் மேல் மார்க்கரால் எழுதாதீர்கள், எத்தனால் சொட்டினால் மை ஓடிவிடும். பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு மூடுங்கள்.